மூச்சு மாறிய இடம்

நாயனத்தில் நான் இரண்டாவது ஆள். முதல் ஆளோடு சேர்ந்து வாசிப்பேன். அவர் மூச்செடுக்க வாயை எடுக்கும்போது, ஸ்வரம் அறுந்துவிடாமல் நான் பிடித்துக்கொள்வேன். அவர் திரும்ப வந்ததும் அவரிடமே விட்டுவிடுவேன். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும். யார் எங்கே விட்டார், யார் எங்கே எடுத்தார் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்துவிட்டாலும் கேவலம் எனக்குத்தான். பதினாறு வருஷம் ஒரே மனிதருக்கு இந்த வேலையைச் செய்தேன்.

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் துரத்தவில்லை. ஓரிடத்தில் உட்காரும் உடம்பு எனக்கு வாய்க்கவில்லை. லாரியில் கிளீனராகப் போனேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் ஆழ்துளைக் கிணறு போட்டேன். நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினேன். நடுவே இரண்டு வருஷம் சித்தப்பா வீட்டில் இருந்தபோது நாயனம் பழகினேன். ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் எனக்குப் படிக்க வராது. காதில் விழுந்ததை அப்படியே திருப்பி ஊதுவேன். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர் வாசிப்பு எனக்கு வந்துவிடும். எனக்கென்று ஒரு வாசிப்பு கிடையாது. அதை நான் அப்போது குறையாக நினைக்கவில்லை. இரண்டாவது ஆளுக்கு அதுதான் தேவை.

எங்கள் செட்டில் நாலு பேர். முதல் நாயனம் ஜலகண்டாபுரத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தவுல்காரர் இளம்பிள்ளை. சுருதிப்பெட்டியும் தாளமும் பார்த்துக்கொண்டவர் ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு ஊர். நான் வெண்ணந்தூரில், நின்றுபோன ஒரு விசைத்தறிக் கூடத்தின் ஓரத்து அறையில் இருந்தேன். தறிகளை விற்றது போக நாலு தறி மட்டும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை அங்கே விட்டிருந்தார்கள்.

முதல் ஊரடங்கு பங்குனியில் வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் போனது. நான் மரவள்ளிக் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போனேன். ரேஷன் அரிசி இருந்தது. அதைவிட மோசமான நாட்களை ரிக் வண்டியில் பார்த்திருந்ததால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தவுல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் மூன்று பேரையும் போனில் ஒன்றாக இழுத்துப் போட்டார்.

“கை நமநமங்குதுங்க. ஊட்டுல குண்டாவெல்லாம் தட்டி முடிச்சாச்சு. பொண்டாட்டி கரண்டியத் தூக்கிட்டு வாரா. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் வாசிங்க, நானும் சேந்துக்கறேன்.”

சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். போனில் ஒருவர் சத்தம் இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நாலு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் போலிருந்தது. இரண்டு நாள் அப்படியே போன பிறகு அண்ணன் ஒரு ஏற்பாடு சொன்னார். ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் வாசிக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். வாசிப்பதற்கு முன்னால், இதுவரை நாலு பேருக்குள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“சும்மா வாசிச்சா முகூர்த்தம் மாதிரி ஆயிரும். சொல்லிட்டு வாசிச்சாத்தான் அவனவன் வாசிப்பாங்க” என்றார்.

தவுல்காரர் முதலில் சொன்னார். எடப்பாடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், ஐயர் மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கியிருக்கிறார். இவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு கெட்டிமேளம் கொட்டிவிட்டார். கூட்டம் அட்சதையைப் போட்டுவிட்டது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியை எடுத்துக் கட்டிவிட்டான். முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

“ஐயர் என்னப் பாத்தாரு, நான் மோட்டுவளையப் பாத்தேன். இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா டீக்கடையில விசாரிச்சுட்டுத்தான் வாரது, அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறாங்களான்னு.”

“இருக்கறாங்களா?” என்றார் அண்ணன்.

“மூணு கொழந்தைங்க.”

அடுத்தது சுருதிப்பெட்டிக்காரர் முறை. அவர் சொன்னார்: “எனக்கு எடது காது கேக்காதுப்பா. சின்ன வயசுல வாத்தியார் அடிச்சது. சுருதி புடிக்கிறவனுக்கு ஒரு காது இல்லன்னா யாரு வேலை குடுப்பாங்கன்னு சொல்லவே இல்ல.”

தவுல்காரர் சொன்னார்: “அதுதான் நான் திட்டறப்பெல்லாம் சிரிச்சுட்டே இருந்தியா?”

“அது கேட்டுச்சுப்பா. வலது காதுல.”

அவர் வாசிக்க வேறென்ன இருக்கிறது? சுருதியை மட்டும் வைத்தார். பத்து நிமிஷம் அதையே கேட்டோம். அத்தனை வருஷம் அது பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அதை நாங்கள் கேட்டோம்.

என் முறையில், ரிக் வண்டியில் மலேரியா வந்து லாரிக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்த கதையைச் சொன்னேன். பிறகு வாசித்தேன். முடித்ததும் தவுல்காரர் சொன்னார்: “கண்ண மூடிட்டுக் கேட்டா அண்ணனேதானுங்க. யாரு வாசிக்கறதுன்னே தெரியல.” பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்னது அவர் கல்யாணக் கதை. ஜலகண்டாபுரத்தில் தறி ஓடும் தெரு. பெண் கேட்டுப் போவதற்கு முந்தின மாதம், அந்தத் தெரு வழியாகச் சாமி ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டுக்குள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண், இவர் ஒரு மூச்சு பிடிக்கும் நேரத்தில் ராட்டை எத்தனை சுற்றுகிறது என்று எண்ணியிருக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்று, என்ன படிச்சிருக்கறே என்று இவர் கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில், “பதினெட்டுச் சுத்து.” யாருக்கும் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் விளக்கம் கிடைத்ததாம்.

“அன்னீல இருந்து என்ற மூச்சுக்கு ஊட்டுல கணக்குப்பிள்ளை இருக்குது” என்று சிரித்தார்.

“கேக்குதுங்க, இங்கதான் இருக்கறேன்” என்று பின்னால் அவர் மனைவியின் குரல்; எங்களுக்கு அவர் அக்கா. அன்றிலிருந்து அவரும் கேட்கத் தொடங்கினார். மூன்று மணிக்கு ராட்டையைப் போனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். யார் வாசித்தாலும் பின்னால் அந்தக் கரகர சத்தம் இருக்கும். தவுல்காரர் அதற்குத் தாளம் போடுவதாகச் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஊரடங்கு தளர்ந்து கல்யாணங்கள் திரும்ப வந்ததும் அந்த மூன்று மணிக் கூட்டம் நின்றுபோனது. மண்டபத்தில் பார்த்துக்கொண்டால், அதெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல ஒருவரையொருவர் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்துக்கொள்வோம்.

அடுத்த வருஷம் சித்திரையில் இரண்டாவது அலை. ராசிபுரத்துப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம் பேசியிருந்தது. முதல் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தார். தாம்பூலமும் அவர் கையால்தான் வாங்கினோம். அண்ணன் ஊருக்குப் போகாமல் இரண்டாவது முகூர்த்தத்துக்காக என் அறையிலேயே தங்கினார். அது முடிந்த அன்று மத்தியானம் போன் வந்தது, அந்தப் பெண்ணின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று. மறுநாளிலிருந்து திரும்பவும் பஸ் இல்லை.

அண்ணனின் மைத்துனர், அக்காவின் தம்பியிடம் ஆம்னி வேன் இருந்தது. பால் எடுத்துப் போவதற்கான பாஸும் இருந்தது. கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவார். அண்ணன் வேண்டாம் என்றார். மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம்.

“பதினாலு நாள் தம்பிகூட இருந்துட்டு வாரேன்” என்று வீட்டுக்குச் சொன்னார்.

அக்கா ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. “உங்க பேச்ச நான் நம்பமாட்டேன். சக்கரை இருக்குதுன்னு ரெண்டு வருஷம் மறைச்ச ஆளு. தெனமும் மூணு மணிக்கு ஊதிக் காட்டுங்க. நான் சுத்திப் பாத்துக்கறேன். மூச்சு கொறைஞ்சுதுன்னு வைங்க, அந்த நிமிஷமே வண்டி கெளம்பிரும். சேலத்துல எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போயிரலாம்.”

போனில் இருந்த தவுல்காரர் கேட்டார்: “ஏனுங்க்கா, ஊரெல்லாம் வெரல்ல மிஷின மாட்டிப் பாக்கறாங்க. நீங்க நாயனத்துல பாக்கறீங்களா?”

“அந்த மிஷினு எங்க கெடைக்குது? கடையில கேட்டா என்னப் பாத்துச் சிரிக்கறாங்க. எனக்கு இது போதும்.”

இப்படித்தான் மூன்று மணி மறுபடியும் தொடங்கியது. இந்த முறை அண்ணன் மட்டும்தான் வாசித்தார். தறிக்கூடத்துக்குள் நாயனச் சத்தம் போனைப் பிளந்துவிடும் என்பதால், அந்தக் கோடியில் நாலாவது தறியின் மேல் போனை வைத்துவிட்டு இந்தக் கோடியில் உட்காருவோம். நான் பக்கத்தில் உட்காருவேன். என் நாயனமும் மடியில் இருக்கும். வாசிக்க அல்ல, அவர் பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

நாலு நாள் நன்றாக வாசித்தார். பதினேழு சுற்று, பதினெட்டுச் சுற்று என்று அக்கா சொல்வார். ஐந்தாம் நாள் காய்ச்சல். மாத்திரை போட்டு, கபசுரக் குடிநீர் குடித்து, சின்னதாக ஏதோ வாசித்தார். பதினாலு என்றார் அக்கா. “இன்னிக்குச் சீவாளி சரியில்ல” என்றார் அண்ணன். உண்மையில் நாயனத்தின் முனையில் செருகி ஊதும் அந்த நாணல் சீவாளி நல்லதுதான். இரண்டு நாள் முன்னால்தான் இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுத்தது.

எனக்கும் இரண்டு நாளாக வாசனை தெரியவில்லை. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. அதனால் அவருக்கும் வந்ததுபோலப் போய்விடும் என்று நினைத்தேன். மலேரியாவில் லாரிக்கு அடியில் கிடந்து எழுந்தவன் நான். காய்ச்சல் என்றால் படுத்துக் கிடந்து எழுந்திருப்பது என்றுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி என்று ஒன்றை நினைக்கவே மாட்டேன். என் உடம்பை வைத்து அவர் உடம்பை அளந்தேன்.

ஆறாம் நாள் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், வெந்நீர் குடித்துவிட்டு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அறையிலிருந்து அந்தப் பெட்டி வரை நடந்ததற்கே தோள் ஏறி இறங்கியது.

“இன்னிக்கு உட்டுரலாமுங்ணா” என்றேன்.

“உட்டா அவ சும்மா இருப்பாளா? புள்ளைத்தாச்சிய உட்டுப்போட்டு இங்க வந்து நிப்பா.”

போனில் தவுல்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். “இன்னிக்கு என்ன கதைங்ணா?”

“கதை இல்ல. வாசிக்கறேன்.”

“பேசுனா மூச்சு தீந்துருமாக்கும்?”

இந்த ஒரு வரியை அவர் பிற்பாடு எத்தனையோ முறை என்னிடம் சொல்லிக்காட்டி வருத்தப்பட்டார்.

அண்ணன் நீலாம்பரி எடுத்தார். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது தூங்க வைக்க வாசித்த ராகம் என்று எனக்குத் தெரியும். கீழே மெதுவாகத் தொடங்கி, நிதானமாக ஏறினார். கேட்டுக்கொண்டிருக்கையில் அவருக்கு ஒன்றுமில்லை என்றே எனக்கும் தோன்றியது. மேலே போய் ஒரு ஸ்வரத்தில் நின்றார். அது நீளமாக நிற்க வேண்டிய இடம். அக்கா எண்ணும் இடமும் அதுதான். நின்ற ஸ்வரம் லேசாக ஆடியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதினாறு வருஷம் நான் பார்த்த பார்வை அது. மேடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எடு. நான் யோசிக்கவே இல்லை. நாயனம் எப்போது உதட்டுக்கு வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் ஸ்வரம் ஓய்வதற்குள் என் ஸ்வரம் அதே இடத்தில், அதே கனத்தில் நின்றது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எடுத்ததில்லை.

அவர் திரும்ப வருவார் என்று காத்தேன். வரவில்லை. சீவாளி உதட்டில் இருந்தது. விரல்கள் துளைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சு மட்டும் போகவில்லை. அவர் விரல்கள் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே நான் வாசித்தேன். மேலிருந்து இறங்கி, அவர் இறங்குவது மாதிரியே இரண்டு இடத்தில் தங்கி, முடித்து வைத்தேன்.

கூடத்தின் அந்தக் கோடியில் ராட்டைச் சத்தம் நின்றது.

“இருவத்தி ஒண்ணு” என்றார் அக்கா. குரலில் அப்படியொரு நிம்மதி. “நேத்துச் சீவாளிதானுங்க போல. நான்தான் பயந்துட்டேன். இன்னிக்கு மூச்சு நெம்ப நீளம்.”

அண்ணன் “ம்” என்றார். சுருதிப்பெட்டிக்காரர் நல்லா இருந்துச்சுப்பா என்றார். தவுல்காரர் ஒன்றும் சொல்லவில்லை. போனை அணைத்ததும் அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டு நாள்ல சரியாயிரும் சாமி. ஊட்டுக்குச் சொல்லிராத.”

“செரிங்ணா” என்றேன்.

அந்தப் பார்வையைப் பற்றி அன்றைக்கு அவரிடம் கேட்கவில்லை. இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடு என்றுதான் பார்த்தாரா? என்னால் முடியவில்லை, போய்ச் சொல் என்று பார்த்தாரா? மேடையில் அந்த இரண்டாவது அர்த்தம் கிடையாது. அதனால் எனக்கு அது தோன்றவில்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஸ்வரம் அறுந்திருக்கும், ராட்டை நின்றிருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். ஆறரை மணிக்குள் சேலம் போயிருக்கலாம்.

முதல் நாள் கை செய்தது. மறுநாள் செய்தது நான்தான். ஏழாம் நாள் அவரால் நாயனத்தைத் தூக்க முடியவில்லை. மூன்று மணிக்கு நானே தொடங்கி நானே முடித்தேன். அவர் அறைக்குள் படுத்திருந்தார். அக்கா பத்தொன்பது என்றார். மகளுக்கு இடுப்பு வலி கண்டமாதிரி இருக்கிறது, ஆனால் பொய் வலியாம் என்று சொன்னார். “நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க, இங்க நான் பாத்துக்கறேன்.” தறியின் மேல் இருந்த போனைப் பார்த்தபடி நான் நின்றேன். அவர் பேசியது அண்ணனிடம். பதில் சொல்ல அங்கே நான்தான் இருந்தேன். அண்ணன் மாதிரியே “ம்” என்றேன்.

எட்டாம் நாள் காலையில் உதடு கறுத்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. மைத்துனருக்கு நான்தான் போன் செய்தேன். வேன் வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக ஆம்புலன்ஸ்கள் நின்றன. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் ஆக்சிஜன்தான் வேண்டும். சாயங்காலம் படுக்கை கிடைத்தது. ஒரு டாக்டர், சின்ன வயது, கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது, “ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் என்னைக் கேட்டார், “நேத்து நல்லா வாசிச்சாருன்னு அக்கா சொல்லுச்சே?” திடீரென்று ஆகிவிட்டது என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதை அண்ணன் காதில் சொன்னதாகச் சொன்னார்கள். பத்தாம் நாள் அவர் போய்விட்டார். உடம்பைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். மைத்துனரும் நானும் மட்டும் போனோம். தவுல்காரர் இளம்பிள்ளையிலிருந்து சைக்கிளில் கிளம்பி, வழியில் போலீஸ் மறித்துத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நான் வெண்ணந்தூரில் இருக்கவில்லை. ரிக் வண்டியில் சமையல் ஆளாக ஏறி மறுபடி வடக்கே போனேன். அங்கே இருந்தபோதுதான் தவுல்காரர் போனில் சொன்னார், அவர் போன் வருகிற போகிற பேச்சையெல்லாம் தானாகவே பதிந்து வைக்குமாம். அந்த ஆறாம் நாள் நீலாம்பரி அதில் இருந்தது. அக்கா கேட்டார் என்று அனுப்பிவிட்டார்.

“அக்கா அதத்தான் தெனமும் கேக்குது. வாரவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுது. இருவத்தி ஒரு சுத்துன்னு சொல்லுது.” பிறகு கேட்டார்: “ரெண்டாவது பாதி நீங்கதானுங்களே?”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“தவுல்காரனுக்குத் தெரியாதா. அன்னிக்கே சந்தேகம். வாயத் தொறந்து கேட்டிருக்கோணும், கேக்கல.”

“ஊருக்கு வந்து அக்காகிட்டச் சொல்லிரலாமுன்னு இருக்கறேன்.”

“வேண்டாமுங்க. யாருக்கோசரம் சொல்லப் போறீங்க? உங்களுக்குத்தான் நெஞ்சு லேசாகும். அக்காவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

அவர் சொன்னது சரி. அதை அப்போதே ஒத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது நேராக ஜலகண்டாபுரத்துக்குப் போனேன்.

அக்கா ராட்டையில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. “வாங்க தம்பி. நெம்ப எளச்சுப்போயிட்டீங்க” என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு போனை எடுத்துத் தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். “இதப் போட்டாத்தான் தூங்குவா. தாத்தன் ஊதறது.”

நீலாம்பரி வந்தது. தூரத்து நாயனம். கூடவே போன வருஷத்து ராட்டைச் சத்தம். ஏறி, மேலே போய், அந்த இடத்தில் நின்றது. அக்கா உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். குழந்தையின் சிணுங்கல் அடங்கியது. இறங்க ஆரம்பித்ததும் தூங்கிவிட்டாள். முழுவதும் என் மூச்சில்.

என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் சொன்னேன். “சொல்லிராத” என்று அவர் சொன்னதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதையும் அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. ராட்டையில் இருந்த நூலை அறுக்காமல் மெதுவாக விரலில் சுற்றினார், பிரித்தார், திரும்பச் சுற்றினார்.

“எந்த எடத்துல மாறுச்சு?” என்று கேட்டார்.

போனை மறுபடி போட்டார். அந்த ஸ்வரம் ஆடும் இடம் வந்ததும் கையைக் காட்டினேன். நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறை கையைக் காட்டினேன்.

“அப்படின்னா பதினொண்ணு” என்றார்.

பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார், “சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க தம்பி.”

இப்போது எப்போதாவது கூப்பிட்டால் வாசிக்கப் போகிறேன், இரண்டாவது ஆளாக. முதல் ஆள் வாயை எடுக்கும்போது எனக்குத் தாமதமாகிறது. ஸ்வரம் அறுகிறது, மண்டபத்தில் ஓரிருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் அதிகம் கூப்பிடுவதில்லை.

தவுல்காரர் போன மாதம் ஜலகண்டாபுரத்துக்குப் போய்விட்டு வந்தார். பேத்தி நடக்கிறாளாம், பேசுகிறாளாம். தூங்க வைக்க இன்னும் அந்த நீலாம்பரிதான். ஆனால் அக்கா அந்த இடம் வரைக்கும்தான் போடுகிறார். ஸ்வரம் ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறார். குழந்தை அதற்குள் தூங்குவதில்லை. இன்னும், இன்னும் என்று காலை உதைக்கிறாள். அக்கா முதலிலிருந்து மறுபடி போடுகிறாராம், அதே இடத்தில் நிறுத்துகிறாராம், மறுபடி முதலிலிருந்து.